அந்த இல்லத்தில் கழிப்பறையைக் கழுவுவது யார்?



போன வருடம் ஒரு முதியோர் இல்லத்தைப் பார்க்கப் போனோம். நாங்கள் ஐந்து பேர். மூவர் சமூகப்பணி படிக்கும் மாணவர்கள், இருவர் களப்பணியாளர்கள். வட மாவட்டம் ஒன்றில், நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது அந்த இல்லம். படுத்த படுக்கையாக இருப்பவர்களையும் சேர்த்துக்கொள்ளும் இடம். பெயர் வேண்டாம். அதுபோல எல்லா மாவட்டத்திலும் நாலைந்து இருக்கும்.

கையில் ஒரு படிவம் வைத்திருந்தோம். கட்டில் எத்தனை, கழிப்பறை எத்தனை, குடிநீர் உண்டா, கேமரா உண்டா, சக்கர நாற்காலி போகச் சாய்தளம் உண்டா, டாக்டர் வாரத்துக்கு எத்தனை முறை வருகிறார். எல்லாவற்றுக்கும் டிக் போட்டோம். டைல்ஸ் பளபளவென்று இருந்தது. முன் அறைச் சுவரில், பிறந்தநாளுக்கு அன்னதானம் செய்தவர்களின் புகைப்படங்கள். எங்களுக்கும் காபி கொடுத்தார்கள். அறிக்கையில் "திருப்திகரம்" என்று எழுதினோம்.

எங்கள் பகுதியைச் சேர்ந்த ஓர் ஆயா அந்த இல்லத்தில் இருந்தார். எங்கள் பக்கம் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவோம். நகராட்சியில் முப்பது வருடத்துக்கு மேல் துப்புரவு வேலை செய்தவர். கடைசி வரை ஒப்பந்தக் கூலி, அதனால் ஓய்வூதியம் இல்லை. மகன் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் இருபது நாள் வெளியூர். மருமகள் இறந்துவிட்டார். தனியாக விட முடியாமல் இங்கே சேர்த்திருந்தார். அன்றைக்கு எங்களைப் பார்த்து ஆயா சிரித்தார். "நல்லா இருக்கேன் கண்ணு" என்றார். அதையும் அறிக்கையில் எழுதினோம்.

இரண்டு மாதம் கழித்து, மகன் வாங்கி வைத்திருந்த போர்வையையும் மாத்திரையையும் கொடுக்க எங்களில் இருவர் முதல் பேருந்தில் போனோம். விடியற்காலை ஐந்தரைக்கே இறங்கிவிட்டோம். வாட்ச்மேன் கதவைத் திறந்துவிட்டார். ஆயாவின் கட்டில் காலியாக இருந்தது. தேடிப் போனால், பின்பக்கக் கழிப்பறையில் குந்தி உட்கார்ந்து பீங்கானைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எழுபதைத் தாண்டிய பெண். கையுறை இல்லை. பக்கத்தில் ஆசிட் பாட்டில்.

"எனக்கு இது பழகுன வேலதான கண்ணு. அவங்க கேக்குறாங்க, நான் செய்யறேன். சும்மா சோறு போடுவாங்களா?"

அந்த இல்லத்தில் அப்போது முப்பதுக்கு மேற்பட்டவர்கள் இருந்தார்கள். எழுந்து நடமாடக்கூடியவர்களும் பலர். அத்தனை பேரில் ஆயாவை மட்டும் எப்படிக் கண்டுபிடித்துக் கேட்டார்கள்? சேர்க்கைப் படிவத்தில் "முன்பு செய்த தொழில்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஆதார் அட்டையில் தெருப் பெயர் இருக்கிறது. அவ்வளவு போதும். வேறு எதையும் விசாரிக்க வேண்டியதில்லை.

எங்கள் படிவத்தில் கழிப்பறை எத்தனை என்ற கேள்வி இருந்தது. அதைக் கழுவுவது யார் என்ற கேள்வி இல்லை.

இந்தக் கட்டுரையை எழுதக் காரணம் அந்த ஒரு கேள்விதான். முதியோர் இல்லங்கள், மனநலக் காப்பகங்கள், ஆதரவற்றோர் விடுதிகள் ஆகியவற்றின் தரத்தையும் பாதுகாப்பையும் ஆய்வு செய்ய உங்களில் பலர் போவீர்கள். படிப்பின் பகுதியாகப் போவீர்கள், இயக்கத்தின் சார்பில் போவீர்கள், நாளைக்கு அரசு வேலையிலும் போவீர்கள். நாங்கள் செய்த தவறை நீங்கள் செய்யக் கூடாது.

தரம் என்றால் என்ன? மருத்துவப் பராமரிப்பின் தரத்தை எப்படி அளப்பது என்று அவேடிஸ் டோனபீடியன் என்ற மருத்துவர் 1966-ல் ஒரு கட்டுரை எழுதினார். மூன்றாகப் பிரித்தார். கட்டமைப்பு: கட்டடம், கட்டில், ஆட்கள், பணம். செயல்முறை: யார், யாருக்கு, எதை, எப்படிச் செய்கிறார்கள். விளைவு: அதனால் அந்த மனிதருக்கு என்ன ஆனது. உலகம் முழுக்க இன்றும் இந்த மூன்றை வைத்துத்தான் பேசுகிறார்கள். நம் ஊர் ஆய்வுப் படிவங்களில் பெரும்பாலும் முதல் பகுதி மட்டும்தான் இருக்கிறது. சுவரை எண்ணுவது சுலபம். புகைப்படம் எடுப்பதும் சுலபம்.

சமூகவியல் மாணவர்கள் எர்விங் காஃப்மனைப் படித்திருப்பீர்கள். உறங்குவது, உண்பது, பொழுதுபோக்குவது எல்லாம் ஒரே கூரையின் கீழ், ஒரே அதிகாரத்தின் கையில் இருக்கும் இடத்தை 'முழுமை நிறுவனம்' என்று 1961-ல் வந்த தன் 'அசைலம்ஸ்' நூலில் விளக்கினார். அங்கே போகிறவரின் பழைய அடையாளம் வாசலிலேயே உரிக்கப்படும் என்பது அவர் பார்வை. நம் ஊரில் ஓர் அடையாளம் மட்டும் உரிக்கப்படுவதில்லை. உடுத்திய சேலை போகும், கூப்பிடும் பெயர் போகும், கைச்செலவுக் காசு போகும். சாதி கூடவே கட்டிலுக்கு வரும்.

அது எங்கெல்லாம் தெரியும் என்று அதற்குப் பிறகு போன இடங்களில் கவனித்தோம். சாப்பாட்டு வரிசையில் கடைசியில் நிற்பது யார். எவர்சில்வர் தட்டு யாருக்கு, பேப்பர் தட்டு யாருக்கு. குடிதண்ணீர்க் குடத்தில் தானே மொண்டு குடிக்கிறவர் யார், ஊற்றச் சொல்லிக் காத்திருப்பவர் யார். 1927-ல் மகாடில் அண்ணல் அம்பேத்கர் குளத்தில் இறங்கி அள்ளிக் குடித்த தண்ணீர், 100 ஆண்டு நெருங்கும்போதும் சில இல்லங்களில் டம்ளரில் ஊற்றித்தான் தரப்படுகிறது. ஜன்னலோரக் கட்டில் யாருக்கு, கழிப்பறைப் பக்கத்துக் கட்டில் யாருக்கு. யாரை "அம்மா" என்கிறார்கள், யாரை "ஏ கிழவி" என்கிறார்கள். எந்தப் படிவத்திலும் இதற்குக் கட்டம் கிடையாது. ஒரு நேரச் சாப்பாட்டின்போது உட்கார்ந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். இல்லங்களில் உடம்பு துடைத்து, மலம் அள்ளி, சோறு ஊட்டும் பெண்களையும் நாம் ஆயா என்றுதான் கூப்பிடுகிறோம். நாங்கள் போன இடங்களில் அவர்களில் பெரும்பாலோர் நம் சேரிப் பெண்கள். சமையலறைக்குள் அவர்களை விடுவதில்லை. நாங்கள் சொன்ன இல்லத்தில் முப்பதுக்கு மேற்பட்ட கட்டில்களுக்கு இரவில் ஒரே ஓர் ஆயாம்மா. 12 மணி நேர ஷிஃப்ட். படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் படுக்கைப்புண் வரும். ஒரு பெண் ஓர் இரவில் எத்தனை பேரைப் புரட்டுவார்? புண் வந்தால் திட்டு வாங்குவது அவர்தான். கட்டிலில் கிடப்பவரின் பாதுகாப்பும் ஆயாம்மாவின் கூலியும் ஓய்வும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை. ஒன்றைக் குறைத்துவிட்டு மற்றொன்றைக் காப்பாற்ற முடியாது.

சரி, போகும்போது எதைப் பார்ப்பது? நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறோம்.

சொல்லிவிட்டுப் போகும் ஒரு வருகையை வைத்து முடிவுக்கு வராதீர்கள். விடியற்காலையிலும் இரவு ஒன்பது மணிக்கு மேலும் ஒருமுறையாவது போக அனுமதி கேளுங்கள். மறுத்தால், மறுத்ததையும் அறிக்கையில் எழுதுங்கள். உள்ளே நுழைந்ததும் மூக்கை நம்புங்கள். மூத்திர வாடை ஒரு குற்றச்சாட்டு. காலை பத்து மணிக்கே ஃபினாயில் வாடை தூக்கியடித்தால் அதுவும் விசாரிக்க வேண்டிய விஷயம்.

எட்டுகிற தூரத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். ராத்திரி துணி மாற்றும் வேலை மிச்சமாகட்டும் என்று சாயங்காலத்துக்குப் பிறகு தண்ணீரைக் குறைக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. உதடு வெடித்திருக்கும், நாக்கு வறண்டிருக்கும், பேச்சு குழறும். அதைப் பார்த்துவிட்டு "வயசாச்சு, புத்தி தடுமாறுது" என்பார்கள்.

படுக்கைப்புண் முதலில் வருவது இடுப்புக்குக் கீழே முதுகுத்தண்டு முடியும் இடம், குதிகால், இடுப்பு எலும்பு, தோள்பட்டை. அவரிடம் அனுமதி கேட்டு, ஒரு செவிலியரை உடன் வைத்துக்கொண்டு பாருங்கள். அழுத்தினாலும் மாறாத சிவப்புதான் முதல் அறிகுறி என்று பாடத்தில் இருக்கும். நம் கறுப்புத் தோலில் அந்தச் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள தோலைவிட அந்த இடம் கூடுதலாகக் கறுத்திருக்கிறதா, சூடாக இருக்கிறதா, கல்லாக இறுகியோ கொழகொழவென்றோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். வெள்ளைத் தோலை வைத்து எழுதிய பாடம், நம் ஆயாக்களின் புண்ணைத் தாமதமாகத்தான் கண்டுபிடிக்கும்.

எடைப் பதிவேட்டைக் கேளுங்கள். மாதாமாதம் எடை பார்க்காத இல்லத்தில் சோறு ஒழுங்காகப் போகிறது என்று யாரும் நிரூபிக்க முடியாது. ஒரே மாதத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு எடை குறைந்தால் அது மருத்துவரிடம் காட்ட வேண்டிய அளவு. மருந்துப் பதிவேட்டைக் கேளுங்கள். பகலிலேயே பாதிப் பேர் தூங்கி வழிந்தால், தூக்க மாத்திரை யார் எழுதியது, எதற்காக என்று கேளுங்கள். இறப்புப் பதிவேட்டைக் கேளுங்கள். யார், எந்தத் தேதியில், எதனால் இறந்தார், குடும்பத்துக்குச் சொன்னார்களா, உடல் எங்கே போனது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும்.

பூட்டைப் பாருங்கள். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், ஒரு மனநலக் காப்பகத்தின் கூரைக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். ஓட முடிந்திருந்தால் பலர் பிழைத்திருப்பார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் யாரையும் எந்த வடிவத்திலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. இன்று சங்கிலி இல்லாத இடங்களிலும் இரவில் வெளியே பூட்டுகிறார்கள். அந்தச் சாவி யாரிடம் இருக்கிறது, அவர் எங்கே படுக்கிறார், தீயணைப்பான் எங்கே, அதை இயக்க ஆயாம்மாவுக்குத் தெரியுமா என்று கேளுங்கள்.

பணத்தைக் கேளுங்கள். முதியோர் உதவித்தொகையைத் தமிழக அரசு 2023-ல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தியது. இல்லத்தில் இருப்பவரின் வங்கி அட்டையும் ஆதாரும் யார் கையில் இருக்கின்றன? எடுத்த பணத்துக்குக் கணக்கு உண்டா? வெற்றுத்தாளில் கைநாட்டு வாங்கியிருக்கிறார்களா?

கடைசியாக, இங்கே யார் எந்த வேலை செய்கிறார்கள் என்று பெயர் பெயராகக் கேளுங்கள். கழிப்பறை கழுவுவது யார், அவருக்குச் சம்பளம் எவ்வளவு, கையுறையும் பூட்ஸும் உண்டா, இல்லவாசிகள் யாராவது செய்கிறார்களா. விருப்பப்பட்டுச் செய்வதாகச் சொன்னால், அதே விருப்பம் மற்ற சாதிக்காரர்களில் எத்தனை பேருக்கு வந்திருக்கிறது என்று கேளுங்கள்.

இதையெல்லாம் கேட்டால் ஒரு பதில் வரும்: "இலவசமாப் பாத்துக்கிறோம், அதுல இவ்வளவு நொட்டை சொல்றீங்களே. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கலாமா?" நம் ஆட்களில் சிலருமே இப்படிச் சொல்கிறார்கள். நாங்கள் மறுக்கிறோம். 2007-ல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, ஆதரவற்ற முதியவர்கள் குறைந்தது 150 பேர் தங்கும் இல்லத்தை மாவட்டத்துக்கு ஒன்றாவது மாநில அரசு அமைக்கலாம் என்கிறது. அந்த இல்லங்களின் தரத்தையும் சேவைகளையும் வகுக்கும் பொறுப்பையும் அரசிடமே விடுகிறது. 'அமைக்கலாம்' என்ற சொல்லுக்குள் அரசு ஒளிந்துகொள்ள, காலி இடத்தைத் தனியார் தர்மம் நிரப்புகிறது. ஆயா முப்பது வருடம் அந்த நகரத்தின் குப்பையை அள்ளினார். அவருக்கு அந்த நகரம் பட்ட கடன் அது. கடனைத் திருப்பிக் கேட்பவரிடம் தானத்தைப் பற்றிப் பாடம் எடுக்கக் கூடாது.

ஆயாவிடம் வேலை வாங்கியது சட்டப்படி என்ன? அரசமைப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. தீண்டாமையின் பேரில் ஒருவரைத் துப்புரவு வேலை செய்யக் கட்டாயப்படுத்துவதை 1955 குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 7ஏ பிரிவு குற்றமாக்குகிறது. பட்டியல் சாதியினரிடம் கூலியில்லாக் கட்டாய வேலை வாங்குவதை வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் குற்றமாக்குகிறது. மனநல நிறுவனத்தில் இருப்பவரை வேலை செய்யக் கட்டாயப்படுத்தக் கூடாது, செய்தால் தகுந்த ஊதியம் தர வேண்டும் என்று 2017 சட்டம் தெளிவாகச் சொல்கிறது. முதியோர் இல்லங்களுக்கான தர விதிகளிலும் அதே வரி வேண்டும் என்பது நம் கோரிக்கை. ஆய்வுப் படிவத்தில் சாதிப் பாகுபாடு பற்றிய கேள்விகள் கட்டாயமாக இருக்க வேண்டும் என்பது இரண்டாவது கோரிக்கை.

சட்டம் இருக்கிறதே என்று நாங்கள் உடனே கிளம்பினோம். அங்கேதான் இரண்டாவது தவறைச் செய்தோம்.

திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்தோம். ஆயாவின் பெயரைப் போட்டு, நடந்ததை எழுதி, சமூக நல அலுவலகத்துக்கும் ஒரு நகல் கொடுத்தோம். விசாரணை வந்தது. கழிப்பறை கழுவச் சம்பளத்துக்கு ஓர் ஆளைப் போட்டார்கள். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தோம். நாலாம் நாள் மகனுக்கு போன் போயிருக்கிறது: "உங்கம்மாவ வந்து கூட்டிட்டுப் போங்க. எங்களால பாத்துக்க முடியாது." அவர் ஆந்திராவில் சரக்கோடு நின்றுகொண்டிருந்தார். ஆயாவை நாங்கள் போய்த்தான் ஆட்டோவில் ஏற்றினோம். ஒரு துணிப்பை, புதுப் போர்வை. வழியெல்லாம் பேசவில்லை. இறங்கும்போது கேட்டார்: "என்ன ஒரு வார்த்த கேட்டுட்டு எழுதியிருக்கலாம்ல கண்ணு?"

எங்களிடம் பதில் இல்லை. இல்லம் அவரைக் கேட்காமல் வேலைக்காரியாக்கியது. நாங்கள் அவரைக் கேட்காமல் புகார்தாரராக்கினோம். இரண்டையும் சமமாக்கிப் பேசவில்லை. ஆனால் அவர் வாழ்க்கையைப் பற்றி அவர் இல்லாமலே முடிவு எடுத்தது இரண்டு பக்கமும் நடந்தது.

அதனால் இப்போது ஒரு வழிமுறை வைத்திருக்கிறோம். முதலில் அவரிடம் தனியாகப் பேசுவது, ஒரு முறை போதாது, மூன்று நாலு முறை. அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்பது. வேலை நிற்க வேண்டுமா, வேறு இடம் வேண்டுமா, வழக்கு வேண்டுமா. புகார் கொடுத்தால் என்னவெல்லாம் நடக்கலாம் என்பதை மறைக்காமல் சொல்வது. வெளியே அனுப்பினால் தங்க ஓர் இடத்தை முன்கூட்டியே பார்த்து வைப்பது. பெயர் போடாமல் பொதுவான ஆய்வாகக் கேட்க முடிந்தால் அப்படிக் கேட்பது. பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி கிடைக்கும், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை முதலிலேயே சேர்த்துக்கொள்வது. மூத்த குடிமக்களுக்கான 14567 உதவி எண்ணை இல்லவாசிகளுக்கும் ஆயாம்மாக்களுக்கும் சொல்லி வைப்பது. ஆயாம்மாக்களையும் எதிரியாக்காமல் சாட்சியாக்குவது. அவர்களுக்கு உள்ளே நடப்பது எல்லாம் தெரியும்.

எல்லா இல்லத்தையும் மூட வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. மூடினால் அடுத்த நாள் இந்த ஆயாக்கள் எங்கே போவார்கள் என்பதற்கு ஆட்டோவில் வந்த அந்தப் பயணமே பதில். 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் 60 வயதைக் கடந்தவர்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் போன்ற திட்டத்தில் பிசியோதெரபியும் வலி தணிக்கும் பராமரிப்பும் வீட்டுக்கே வருகின்றன. அது நம் சேரித் தெருக்களின் கடைசி வீடு வரைக்கும் ஒழுங்காக வருகிறதா என்று பார்ப்பதும் இதே வேலையின் பகுதிதான். வீட்டில் இருக்க முடிந்தவர் வீட்டிலேயே இருக்கட்டும். முடியாதவருக்கு மரியாதையான இடம் இருக்கட்டும்.

ஆயா இப்போது தங்கை வீட்டில் இருக்கிறார். கூரை ஒழுகுகிறது, கழிப்பறை பொதுக் கழிப்பறை. முழங்கால் வலி அதிகமாகிவிட்டது. போன வாரம் பார்க்கப் போனபோது, "அங்க கட்டிலு நல்லா இருந்துச்சு" என்றார். அந்தக் கட்டில் அவருக்கு இருந்திருக்க வேண்டும், கழிப்பறை வேலை இல்லாமல். வேறு மாவட்டத்தில் ஓர் இல்லத்தைப் பார்த்து வைத்திருக்கிறோம். சேர்ப்பதா வேண்டாமா என்பதை அவர்தான் சொல்வார். அடுத்த மாதம் அவரையே கூட்டிக்கொண்டு போய்ச் சுற்றிக் காட்டப் போகிறோம். படிவமும் இருக்கும். முதல் கேள்வியை அவர் கேட்கட்டும்.

ஜெய் பீம்.